3070 கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் நடுவுல சிஸ்டம் அடங்கிடுது. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?

தறிவீட்டுப் பையன் (கொண்டலாம்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

வீட்டு முன்கட்டுல நாலு விசைத்தறி, பின்னாடி ரூம்ல என் கம்ப்யூட்டர். ரைசன் 5 5600, 16 ஜிபி ராம், 2018ல வாங்கின 550 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற பவர் சப்ளை). நடுவுல போர்டு, பிராசஸர் எல்லாம் மாத்தினேன், இதை மட்டும் மாத்தலை. போன மாசம் வரைக்கும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு இருந்துச்சு, ஒரு தொந்தரவும் இல்லை. தீபாவளி போனஸ்ல கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட ஏற்கெனவே ஓடின ஆர்டிஎக்ஸ் 3070 வாங்கிப் போட்டேன். அன்னைக்குப் பிடிச்சுது சனி.

கேம் ஓடும்போது திடீர்னு திரை கறுப்பாகி, சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது. நீலத்திரை வர்றதில்லை. வேலரன்ட் எத்தனை மணி நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகாது. பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் போட்டா சில நாள் 20 நிமிஷம், சில நாள் 2 மணி நேரம். சூடும் இல்லை. கார்டு 71 டிகிரி, பிராசஸர் 68ஐத் தாண்டலை. விண்டோஸ் தன் கோளாறைக் குறிச்சு வெக்கிற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 மட்டும்தான் இருக்கு.

முதல்ல நான் சந்தேகப்பட்டது தறியைத்தான். நாலும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா ட்யூப் லைட் ஒரு தடவை கண் சிமிட்டும். தறிக்குத் தனி சர்வீஸ், வீட்டுக்குத் தனி சர்வீஸ், ஆனாலும் கம்பத்துல இருந்து வர்றது ஒரே லைன்தானே. அதனால பாவுக் கணக்கு எழுதுற நோட்டோட கடைசிப் பக்கத்துல, ஒவ்வொரு தடவை அடங்கினப்பவும் தேதி, மணி, தறி ஓடுச்சா இல்லையான்னு குறிச்சு வெச்சேன். 8 தடவையில 7 தறி ஓடும்போது. திருடன் மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன். அப்புறம் அமாவாசை வந்துச்சு. எங்க வீட்டுல அமாவாசைக்குத் தறி ஓட்டுறதில்லை. சத்தமே இல்லாத அந்த ஒரு நாள்ல மட்டும் 3 தடவை அடங்கிடுச்சு. யோசிச்சுப் பார்த்தா நான் கேம் ஆடுற நேரமே தறி ஓடுற நேரம்தான், அதனால வந்த 7 அது. தறி மேல வீண்பழி.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில கேட்டேன். பார்க்காமலே எஸ்எம்பிஎஸ் மாத்துன்னு 750 வாட்டுக்கு 7,400 சொன்னாங்க. அதை வாங்கிப் போட்டப்புறம் கார்டுதான் கோளாறுன்னு தெரிஞ்சா என்ன பண்றது? கணக்கும் இடிக்குது. 3070க்கு 220 வாட், பிராசஸருக்கு 76, மத்ததுக்கு ஒரு 50. 350 கூட வரலை. 550 எப்படிப் பத்தாமப் போகும்?

இன்னும் ரெண்டு விஷயம், முக்கியமான்னு தெரியலை. 11ல மூணு தடவை ரீஸ்டார்ட் ஆகாம ஒரேயடியா செத்துப்போச்சு. பட்டனை அமுக்கினா அசையலை, பின்னாடி சுவிட்சை அணைச்சுப் போட்டப்புறம்தான் உயிர் வந்துச்சு. அப்புறம், வெறுங்காலோட கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கும். அது ரொம்ப வருஷமாவே இருக்கு.

ஃப்ரேம் பைத்தியம்

மைனிங் கார்டு ப்ரோ அது, கிரிப்டோ காசு எடுக்க ராப்பகலா ஓட்டினது. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னதும் எல்லாத்தையும் சந்தையில கொட்டினாங்க. திருப்பிக் குடுத்துடுங்க. எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கான்னு பார்க்க பேப்பர் கிளிப் டெஸ்ட் போதும், பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தா ஃபேன் சுத்தணும்.

தறிவீட்டுப் பையன்

வித்தவர் போனே எடுக்க மாட்டேங்கிறார் ப்ரோ. அதான் இங்க வந்து நிக்கிறேன்.

ஸ்குரூடிரைவர் (சேலம், 19 வருஷமா சர்வீஸ்)

பேப்பர் கிளிப்பை மறந்துடு தம்பி. காய்ச்சல்காரனை எழுந்து நிக்கச் சொல்லிப் பார்த்துட்டு, இவன் மூட்டை தூக்குவான்னு சொல்ற கதை அது. லோடு இல்லாம ஃபேன் சுத்துறதுல ஒண்ணும் தெரியாது.

நீ முக்கியமில்லாத மாதிரி கடைசியில எழுதினியே, மூணு தடவை ஒரேயடியா செத்துப்போச்சுன்னு, அதுதான் இதுல பெரிய துப்பு. கார்டு கோளாறுன்னா பெரும்பாலும் படம் மட்டும் போகும், ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும், சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கும். இல்லைன்னா டிரைவர் விழுந்து எழுந்ததா 4101னு ஒரு பதிவு இருக்கும். பிராசஸர்னா வீயா லாகர்னு ஒரு ஹார்ட்வேர் கோளாறுப் பதிவு இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸோட பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிட்டாதான், மெயின் கரண்டை அணைச்சுப் போடுற வரைக்கும் பட்டனுக்கு மசியாது. 41ஐ வெச்சு எதையும் முடிவு பண்ணாதே. சொல்லாம கொள்ளாம அணைஞ்சுடுச்சுன்னு விண்டோஸ் மறுபடி எழுந்தப்புறம் எழுதி வெக்கிற குறிப்பு அது, அவ்வளவுதான். உள்ளே பக்செக் கோட் (நீலத்திரையோட பிழை எண்) 0ன்னு இருந்தா, நீலத்திரை போடக்கூட அதுக்கு அவகாசம் கிடைக்கலைன்னு எடுத்துக்கோ.

உன் 350 வாட் கணக்கு சராசரிக்குச் சரி. ஆனா தறி மோட்டார் ஓடும்போது இழுக்கிறது எவ்வளவு, கிளம்பும்போது இழுக்கிறது எவ்வளவுன்னு அப்பாவைக் கேளு. இந்தக் கார்டுகளும் அந்த மாதிரிதான். 220ன்னு எழுதியிருந்தாலும் சில மில்லி செகண்டுக்கு ஒன்றரை மடங்குக்கு மேலகூட எகிறும். அந்த ஒரு இழுப்புல பழைய எஸ்எம்பிஎஸ் படுத்துடும். 3070க்கு என்விடியாவே 650 வாட் சொல்றது சும்மா இல்லை. உன் எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாரு, 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்ப்? கார்டும் பிராசஸரும் சாப்பிடுறது அந்த 12 வோல்ட்டைத்தான், மேலே பெருசா போட்டிருக்கிற 550ஐ இல்லை.

ஆனாலும் இப்பவே காசை எடுக்காதே. யுபிஎஸ் இருக்கா? இருந்தா அதைக் கழட்டிட்டு நேரா சுவர் பிளக்குல போட்டுப் பாரு. 600 விஏன்னு எழுதியிருக்கிறதுல பெரும்பாலானது 360 வாட்டுதான் தாங்கும், மானிட்டரையும் சேர்த்து அதுவே மூச்சு முட்டியிருக்கலாம். ராமை வேகமா ஓட்டுற எக்ஸ்எம்பி அமைப்பை அணைச்சு, ராத்திரி ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஓடவிட்டுத் தூங்கு. கார்டுக்கு எத்தனை கேபிள் போயிருக்குன்னு சொல்லு. கடைசியா ஆஃப்டர்பர்னர்னு கார்டை அட்ஜஸ்ட் பண்ற சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ரெண்டு நாள் ஆடு.

நாகலூர் மிளகு (ஏற்காடு)

தம்பி, எஸ்எம்பிஎஸ் வாங்கி ஏமாந்த கதை ஒண்ணு சொல்றேன். எங்களுக்குக் காபித் தோட்டம், மழைக்காலத்துல சில்வர் ஓக் கிளை லைன் மேல விழாத வாரம் கிடையாது. அதனால வீட்டுல பாதி நேரம் இன்வெர்ட்டர்தான். பையனோட கம்ப்யூட்டர் கரண்ட் போற நேரத்துல சில தடவை அணைஞ்சுபோச்சுன்னு, கீழே இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவு ரெண்டு தரம் சுத்தி, 6,000 ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிட்டு வந்தோம். பழசு எப்பவாவதுதான் அணையும். புதுசு இன்வெர்ட்டருக்கு மாறின உடனே ஒவ்வொரு தடவையும் அணைஞ்சுது!

கடைசியில குற்றவாளி இன்வெர்ட்டர். பழைய காலத்து ஸ்கொயர் வேவ் வகை. அதுல ஓடும்போது ஃபேன் உர்ருன்னு உறுமும், நாங்க அதை சகஜம்னே நெனச்சுக்கிட்டு இருந்தோம். சைன் வேவ் இன்வெர்ட்டர் மாத்தி, அதோட பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் மோடுல வெச்சப்புறம் ஒரு தடவைகூட அணையலை. அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதுமா இருந்திருக்கும்.

கேபினெட் சுருக்குன்னு அடிக்குதுன்னு எழுதியிருக்கியே, அதை விளையாட்டா விடாதே. எர்த் இல்லைன்னு அர்த்தம்.

ஸ்குரூடிரைவர்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. புது எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சின்னு ஒரு சர்க்யூட் இருக்கும், அது சைன் வேவை எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்கொயர் வேவ் குடுத்தா சிலது முரண்டு பிடிக்கும். மலிவான பழசுக்கு அந்த நளினம் எல்லாம் கிடையாது, எதைக் குடுத்தாலும் தின்னும்.

சுருக்கு விஷயம்: எஸ்எம்பிஎஸ் வாசல்ல இரைச்சலை வடிகட்டுற குட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கு, அதுல கசியுற துளிக் கரண்ட் எர்த் வழியா போகணும். எர்த் இல்லைன்னா கேபினெட்லயே நிக்கும். வயரிங் ஆளைக் கூப்பிட்டு பிளக்குல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளக்கச் சொல்லு. 230 பக்கத்துல வரணும். நீயா கம்பியை விட்டு நோண்டாதே.

தறிவீட்டுப் பையன்

ஒரு வாரம் ஆச்சு, வரிசையா சொல்றேன்.

யுபிஎஸ் இருந்துச்சு, 600 விஏதான். அதைக் கழட்டினேன். அப்பவும் அடங்குச்சு. மெம்டெஸ்ட் நாலு சுத்து சுத்தமா முடிஞ்சுது, எக்ஸ்எம்பி அணைச்சும் அடங்குச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் அளந்தார், ஃபேஸ்–எர்த் 94 வோல்ட். பிளக்கைக் கழட்டினா எர்த் ஒயர் ஆணியில மாட்டவே இல்லை, மடக்கி உள்ளே தள்ளி வெச்சிருக்காங்க! வீடு கட்டின நாள்ல இருந்து அப்படியே இருந்திருக்கு. மாட்டினதும் சுருக்கு போச்சு. சிஸ்டம் அடங்குறது போகலை.

லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 38 ஆம்ப். பெருக்கினா 456 வாட். பேர் மட்டும் 550. கார்டுக்கு ரெண்டு 8 பின் வேணும், என்கிட்ட ஒரே கேபிள்தான், அதோட நுனி ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டுலயும் மாட்டியிருக்கு. எலக்ட்ரீஷியன் அண்ணனோட மீட்டரை வெச்சு உபரி கனெக்டர்ல மஞ்சளுக்கும் கறுப்புக்கும் பார்த்தோம். சும்மா இருக்கும்போது 12.05, கேம் ஓடும்போது 11.52.

70 சதவீதம் போட்டு நாலு நாள் ஆடினேன். அடங்கவே இல்லை. அப்ப எஸ்எம்பிஎஸ்தானே?

ஸ்குரூடிரைவர்

முக்கால்வாசி. 11.4க்குக் கீழே போகாததால 11.52 விதிக்குள்ளதான் இருக்கு, ஆனா அரை வோல்ட் இறக்கம் நல்ல அறிகுறி இல்லை. நான் சொன்ன அந்த மில்லி செகண்ட் இழுப்பை உன் மீட்டர் பார்க்கவே பார்க்காது. 70ல அடங்காம ஓடுச்சுங்கிறதும் முழு சாட்சி இல்லை. நொந்துபோன கார்டும் வேகம் (கிளாக்) குறைஞ்சா ஒழுங்கா ஓடும்.

மிச்சக் கால்வாசிக்கு யார்கிட்டயாவது நல்ல எஸ்எம்பிஎஸ் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கு. ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோ: கழட்டி மாட்டுற கேபிள் வகையா இருந்தா அவங்க கேபிளையும் சேர்த்து வாங்கு. கார்டுப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் பின் வரிசை வேற. மாத்தி மாட்டி ஹார்ட் டிஸ்க்கைப் புகைய விட்டவங்க என் கடைக்கே வந்திருக்காங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிச்சு பார்க்கிற ஆசையும் வேண்டாம், அணைச்சப்புறமும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

தறிவீட்டுப் பையன்

அம்மாபேட்டை சினேகிதன் அவனோட 750 வாட்டைக் கேபிளோட குடுத்தான், ஞாயித்துக்கிழமை திருப்பித் தரணும்னு கண்டிஷன். பவர் லிமிட்டை 100க்கு ஏத்தி, ரெண்டு தனித்தனிக் கேபிள் போட்டு, ஆறு நாள். நோட்டுல ஒரு வரிகூட எழுதலை. ஞாயிறு காலையில பழசை மறுபடி மாட்டினேன். 40 நிமிஷத்துல அடங்குச்சு. இத்தனை நாள்ல இது அடங்கினதுக்கு நான் சந்தோஷப்பட்டது அன்னைக்கு மட்டும்தான்.

கழட்டும்போது இன்னொண்ணு பார்த்தேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட ஃபேன் ஜல்லடை முழுக்கப் பஞ்சு. நூல்ல இருந்து பறக்கிற பஞ்சு ஆறேழு வருஷமா மெத்தை மாதிரி படிஞ்சிருக்கு. அதை உறிஞ்சிக்கிட்டேதான் இத்தனை நாள் ஓடியிருக்கு, பாவம்.

650 வாங்கவா, 750 வாங்கவா?

ஸ்குரூடிரைவர்

இந்தக் கார்டோட நிக்கப் போறேன்னா நல்ல 650 போதும். அடுத்த கார்டு ஆசை இருந்தா 750. பெட்டியில வெண்கலம், தங்கம்னு இருக்கிற முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்குதுன்னுதான் சொல்லும், உள்ளே பொருள் தரமான்னு சொல்லாது. வாரண்டி எத்தனை வருஷம், ஏடிஎக்ஸ் 3.0 இல்லை அதுக்கு மேலயான்னு பாரு. 2022ல வந்த அந்த விதிப்படி 100 மைக்ரோ செகண்டுக்கு தன் வாட்டுல ரெண்டு மடங்கு இழுப்பைத் தாங்கணும். பஞ்சுக்கு, பழைய நைலான் கொசுவலையைக் கேபினெட் அடியில ஒட்டி மாசம் ஒரு தடவை தட்டு.

ஃப்ரேம் பைத்தியம்

அப்ப கார்டு நல்ல கார்டா? சாரி ப்ரோ.

தறிவீட்டுப் பையன்

750 வாங்கிட்டேன், அதே கடையில, அதே 7,400க்கு. கடைக்காரர் "நான் அன்னைக்கே சொல்லலையா"ன்னு ஒரு பார்வை பார்த்தார். பார்க்காம சொன்னது சரியாப் போச்சு, அவ்வளவுதான், ஆனா அதை அவர்கிட்ட சொல்லலை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் 1650ஐயும் வெச்சு தங்கச்சிக்கு ஒரு சிஸ்டம் சேர்க்கலாம்னு பார்க்கிறேன். 1650க்கு 75 வாட்டுதான், ஓடும்ல? அப்பா இப்ப வேற கேள்வி கேட்கிறார். தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம் இருக்கே, உன் பெட்டி அதுல கை வெக்கலையேன்னு. இல்லப்பா, வீட்டு சர்வீஸ்தான்னு சொன்னா, அந்த பில்லை எடுத்துக்கிட்டு வந்துட்டார்.

ஸ்குரூடிரைவர்

1650க்கு ஓடும். பஞ்சை வெளியில இருந்து புளோயர் வெச்சு ஊதிட்டு மாட்டு, ஊதும்போது ஃபேன் சுத்தாம ஒரு குச்சியால பிடிச்சுக்கோ. ஃபேன் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சா அன்னைக்கே தூக்கிப் போட்டுடு. பில்லுக்கு என்கிட்ட மருந்து இல்லை.

நாகலூர் மிளகு

தங்கச்சி பிளக்குலயும் எர்த் மாட்டியிருக்கான்னு பார்த்துட்டு குடு.