45 எழுத்து நோய்ப்பேரும் மேலூர் கல்குவாரியும்

சொல்வேட்டை:
நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ். ஆங்கிலத்துல 45 எழுத்து. கல்குவாரி ஆட்களுக்கு வர்ற நுரையீரல் நோயோட முழுப்பேரு இதுதான், சிலிகோசிஸ்ங்கிறது சுருக்கம். மதுரை மேலூர், கீழவளவு பக்கம் குவாரி வாசல்ல எச்சரிக்கைப் பலகை வச்சா முழுப்பேரையே போடணும். அப்பத்தான் படிக்கிறவனுக்குப் பயம் வரும்.

யானைமலை:
தலைகீழாச் சொல்றீங்கண்ணே. சிலிகோசிஸ்தான் மூத்தது, 1870-ல இத்தாலிக்காரர் விஸ்கான்டி வச்ச பேரு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜெர்மனியில ஸெங்கர், தூசியால வர்ற நுரையீரல் நோய் எல்லாத்துக்கும் பொதுவா நியூமோனோகோனியோசிஸ்னு வச்சாரு. கிரேக்கத்துல கோனிஸ்னா தூசி. உங்க 45 எழுத்து வெளிய வந்தது 1935-ல, அமெரிக்காவுல புதிர் போடுறவங்க சங்கத்துல. தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கோத்தது. எந்த நோயாளிக்கும் வச்ச பேரு இல்ல.

சொல்வேட்டை:
ஸெங்கர் கட்டினா மருத்துவம், ஸ்மித் கட்டினா விளையாட்டா? ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே ஏறிருச்சு. பேருல வர்ற ‘வால்கனோ’ன்னா எரிமலை. எரிமலைச் சாம்பல்ல கிறிஸ்டோபலைட்னு ஒரு தாது இருக்கு, அதுவும் குவாரிக் கல்லுல உள்ளது மாதிரி படிகச் சிலிகாதான். பொய்ச்சொல் எப்படி ஆகும்?

நெஞ்சகம்:
அகராதிக்காரங்களே ‘செயற்கையான நீளச் சொல், இன்ன நோயைக் குறிப்பதாகச் சொல்லப்படுவது’ங்கிற மாதிரி தள்ளி நின்னுதான் விளக்கம் எழுதிருக்காங்க. கிறிஸ்டோபலைட் விஷயம் சரி, அதை ஒத்துக்கலாம். இடிக்கிறது ‘அல்ட்ராமைக்ரோஸ்கோபிக்’, அதாவது சாதாரண நுண்ணோக்கியிலயும் தெரியாத அளவுங்கிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கியே 0.2 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) வரைக்கும் பிரிச்சுக் காட்டும். சிலிகோசிஸ் பண்ற துகள் பெரும்பாலும் 0.5-லிருந்து 5 மைக்ரான், நல்லாவே தெரியும். 10 மைக்ரானுக்கு மேல உள்ளது மூக்கு, தொண்டையிலயே பெரும்பாலும் நின்னுரும். காற்றுப்பை வரைக்கும் போற துகளை மேக்ரோபேஜ்ங்கிற காவல் செல் விழுங்குது. கரைக்க முடியாம அந்தச் செல் சாகுது, துகள் திரும்ப வெளிய வருது, இன்னொண்ணு விழுங்குது. அந்த இடத்துல தழும்பு முடிச்சு விழுது. குவாரியை விட்டு நின்ன பிறகும் நோய் முத்துறது இதனாலதான்.

கம்ப்ரசர்காரன்:
பேரு ஆராய்ச்சி போதும்ப்பா. ஜாக்ஹாமர் (கல் துளைக்கிற கருவி) பிடிக்கிறவனுக்கு மாஸ்க் குடுத்தாச்சு. தண்ணி விட்டு ஓட்டச் சொன்னா கல்பொடிக் குழம்பு ஏறி பிட் (துளைமுனை) சிக்கும், சித்திரையில தண்ணி லாரிக்கு எங்க போறது? வெட்டவெளி வேற, தூசியைக் காத்து அடிச்சிட்டுப் போயிரும்.

யானைமலை:
காத்து அடிச்சிட்டுப் போறது கண்ணுக்குத் தெரியுற தூசியை. மூஞ்சிக்கு நேரா ஒரு முழம் தள்ளித்தானே துளை இருக்கு, நுண்தூசி அங்கயேதான் கிளம்புது. துளையை கம்ப்ரசர் காத்து விட்டு ஊதுற அந்த நேரம் இருக்கே, அதுதான் ரொம்ப மோசம். சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஈரத்துண்டும் இதுக்கு ஆகாது. என்95 வேணும், அதுவும் தாடி இருந்தா ஓரமா ஒழுகும். தண்ணி, ராடு வழியா துளைக்கு உள்ளயே போகணும். குவிஞ்ச பொடி மேல தெளிக்கிறது நேரங்கடந்த வேலை. குழம்பு சிக்குதுன்னா ஓட்டம் பத்தலைன்னு அர்த்தம். வழிஞ்ச குழம்பையும் ஈரமா இருக்கயிலயே அள்ளணும், காய்ஞ்சா மறுபடி தூசிதான்.

கணக்கும் பாருங்க. 2025 வரைக்கும் இருந்த தொழிற்சாலைச் சட்டத்துல, நுரையீரல் உள்ள போகக்கூடிய நுண்தூசிக்கு வரம்பு கனமீட்டருக்கு 10 ÷ (குவார்ட்ஸ் சதவீதம் + 2) மில்லிகிராமா இருந்துச்சு. குவார்ட்ஸ்னா கல்லுல உள்ள படிகச் சிலிகா. தூசியில 30 சதவீதம் குவார்ட்ஸ்னா 10 ÷ 32, அதாவது 0.31 மில்லிகிராம். அதுல குவார்ட்ஸ் மட்டும் 94 மைக்ரோகிராம் வரும். அமெரிக்காவுல 2016-லயே 50-ன்னு இறக்கிட்டாங்க. ஏட்டுல இருந்த அந்த வரம்பே தாராளம், அதையும் அளக்கிற ஆளு இல்ல.

சொல்வேட்டை:
நல்ல தகவல். ஆனாலும் என் கட்சியை விடல. 45 எழுத்தை மனப்பாடம் பண்ற பையன் நடுவுல சிலிகோன்னா என்னன்னு கேப்பான். சிலிகோசிஸ்னு மட்டும் போட்டா எவனும் நின்னு பாக்க மாட்டான்.

நெஞ்சகம்:
பையன் கேக்கட்டும், ஆனா அந்தப் பேரு எரிமலையைக் காட்டுதே. மேலூர்ல எரிமலைக்கு எங்க போவான்? பலகையில ‘கல்தூசி நோய் (சிலிகோசிஸ்)’னு போட்டாப் போதும்.

பேரு நெசமாவே முக்கியமாகிற இடம் கேஸ் சீட்டு. இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில மேல்பக்கம் புள்ளின்னா நேரா டிபின்னு எழுதிர்றாங்க. சளியில கிருமி இல்லாட்டியும் ஆறு மாச மாத்திரை ஓடுது. சிலிகோசிஸ் உள்ளவனுக்கு டிபி சீக்கிரம் தொத்தும்ங்கிறதால சளிப் பரிசோதனையை விடவே கூடாது, சிபிநாட் (டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற சோதனை) உட்பட. கூடவே என்ன வேலை, எந்தக் கருவி, எத்தனை வருஷம், காய்ஞ்ச துளையா ஈரத்துளையான்னு கேட்டு எழுதணும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தோப்பூர் நெஞ்சக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளியே இதைச் சொல்லி எழுத வைக்கணும். மூச்சை முழுசா இழுத்து நிறுத்தி எடுத்த எக்ஸ்ரேயை ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) மாதிரிப் படங்களோட பக்கத்துல வச்சுப் படிக்கணும்.

கேஸ் சீட்டுல போடுற சர்வதேச நோய்க் குறியீடு (ஐசிடி-10) ஜே62.8, டிபியும் சேர்ந்தா ஜே65. 2025-ல பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலா வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துல, மூணாவது அட்டவணை (தொழில் நோய்ப் பட்டியல்) சி பகுதியில சிலிகோசிஸ் இருக்கு. சிலிகோசிஸோட சேர்ந்த டிபியும் இருக்கு, வெறும் டிபின்னு எழுதியிருந்தா அந்தப் பகுதியில இடமில்ல. நோயால தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமப் போன முதல் நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள இழப்பீடு கேட்டு மனு போடணும்.

கம்ப்ரசர்காரன்:
எங்க ஆளுகள்ல பாதிப்பேருக்கு வருகைப் பதிவேடே கிடையாது. எத்தனை வருஷம் வேலை பார்த்தான்னு எதை வச்சுக் காட்டுறது?

யானைமலை:
வாரக்கூலி நோட்டு, முன்பணம் வாங்கின சீட்டு, கூட வேலை பார்த்த ரெண்டு பேரோட வாக்குமூலம். இன்னிக்கே சேர்த்து வைக்கச் சொல்லுங்க.