இணையத் தரநிலைகளை ஊர்க் கூட்டத்தில் விளக்குவது வேண்டாத வேலையா?

அரசலாறு, கும்பகோணம்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் இணையத் தரநிலைகள் பற்றிப் பேசினேன். எந்த நிறுவனத்தின் கைபேசியில் எழுதினாலும் எந்த நாட்டுக் கணினியிலும் திறக்கிறதே, அதற்கான ஒப்பந்தங்களை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் பொருள். விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரண்டு பத்திர எழுத்தர்கள் வந்திருந்தார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து கடைமடை வரை போவதைப்போல, ஒரு செய்தியும் துண்டு துண்டாகப் பிரிந்து போய்ச் சேருகிறது என்று தொடங்கினேன். யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. ஆனால் மன்னார்குடி நண்பர், இது பொதுமக்களுக்கு வேண்டாத வேலை என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவர் பாமணியாறு என்ற பெயரில் இங்கும் எழுதுகிறவர். ஏன் வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன்.

பாமணியாறு, மன்னார்குடி:
வேண்டாத வேலை என்று மட்டுமா சொன்னேன்? தவறாகப் புரியவைக்கும் வேலை என்றும் சொன்னேன். நான் வலையமைப்புப் பணியில் இருப்பவன். நீங்கள் முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி என்ன? "மதகை மூடும் அதிகாரம் எந்த நாட்டு அலுவலகத்திடம் இருக்கிறது?" அவர்மேல் குறையே இல்லை. தலைமடையில் அடைத்தால் கடைமடை காயும் என்பது அவர் ஆயுள் முழுவதும் கண்டது. உங்கள் உவமை அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்தத் தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழுவிடம் எந்த மதகும் கிடையாது. 1986இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு உறுப்பினர் பட்டியலே இல்லை. அது வெளியிடும் ஆர்எஃப்சி என்ற தொழில்நுட்ப ஆவணங்களைப் பின்பற்றும்படி யாரையும் கட்டாயப்படுத்த அதனால் முடியாது. பயன் இருப்பதால் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறான எண்ணத்தோடு மக்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த நேரத்தில், ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று விளக்கியிருந்தால் யாராவது ஒருவரின் பணமாவது தப்பியிருக்கும்.

கோரையாறு, திருத்துறைப்பூண்டி:
மன்னார்குடிக்காரர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளில் இணையம் வேலை செய்தால் போதும். அதை எழுதியவர் யார் என்று தெரிந்து நான் என்ன செய்வது?

அரசலாறு, கும்பகோணம்:
உவமை இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் வாயே திறந்திருக்க மாட்டார். அதிகாரம் யாரிடம் என்று கேட்டாரே, அதைவிடச் சரியான கேள்வி உண்டா? நான் சொன்ன பதிலை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஐஇடிஎஃபில் வாக்கெடுப்பு இல்லை. ஆதரவை அறிய, கூட்டத்தில் இருப்பவர்களை 'ம்ம்' என்று முனகச் சொல்வார்கள். பிறகு முடிவை மின்னஞ்சல் குழுவில் உறுதிசெய்வார்கள். மன்னர்களும் தலைவர்களும் வாக்கெடுப்பும் எங்களுக்கு வேண்டாம் என்று இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் 1992இல் சொன்னது இன்றும் அவர்களுடைய கொள்கை. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணுவதில்லை. எதிர்த்தவர் சொன்ன காரணத்துக்குப் பதில் கிடைத்ததா என்று பார்க்கிறார்கள். இதைக் கேட்டதும் அந்தப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள்.

மோசடி பற்றிச் சொன்னீர்கள். 1982இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் தரநிலை, அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று சோதிக்கவே இல்லை. அதைச் சோதிக்கும் முறைகளை எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று பின்னாளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இதைச் சொல்லாமல் "ஏமாறாதீர்கள்" என்று மட்டும் சொன்னால், பழி முழுவதும் ஏமாந்தவர் தலையில் விழுகிறது.

வெட்டாறு, திருவாரூர்:
நான் டிடிபி கடை நடத்துகிறேன். பழைய கோயில் திருப்பணி மலர்களை மறுபதிப்புக்குக் கொண்டுவருவார்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இருக்கும் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். நன்கொடையாளர் பெயர்கள் அத்தனையும் அப்படித்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் இடங்களைத் தரும் யூனிகோடு வந்த பிறகுதான் ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் படிக்க முடிந்தது.

கோரையாறு ஐயாவுக்கு ஒரு வார்த்தை. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே, இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஓர் எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் பிறகு நகர்த்துவதில்லை, நீக்குவதுமில்லை என்பது அவர்களின் விதி. எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையையும் யூனிகோடையும் ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010இல். அதற்குள் எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன! நம் எழுத்தைப் பற்றிய முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று அப்போது நம் ஊர்களில் யாராவது வந்து பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பாமணியாறு, மன்னார்குடி:
அம்மா, நீங்கள் சொன்னதில் உவமையே இல்லை. அதனால்தான் தெளிவாக இருக்கிறது. ஆனால் யூனிகோடு வேறு, ஐஇடிஎஃப் வேறு. யூனிகோடு கூட்டமைப்பில் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உண்டு. ஐஇடிஎஃபில் யாரும் பங்கேற்கலாம் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை வெவ்வேறு நாடுகளில் நடக்கும் கூட்டங்களுக்குப் பலர் நிறுவனங்களின் செலவில் வருகிறார்கள். விவாதம் முழுக்க ஆங்கிலத்தில். கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் ஊரில் சொல்லிவிட்டு இவற்றை மறைப்பது நியாயமில்லை.

முடிகொண்டான், நன்னிலம்:
அன்று வந்திருந்த பத்திர எழுத்தர்களில் நானும் ஒருவன். செய்தி துண்டாகப் போவதெல்லாம் என் மனதில் நிற்கவில்லை. அரசலாறு ஐயா கடைசியில் காட்டிய ஒரு பட்டியல் நின்றது. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0இல் பழைய தமிழ்க் குறிகள் 51 சேர்ந்திருக்கின்றன. 320இல் ஒரு பங்கான முந்திரி, குழி, வேலி, நன்செய், உப்பளம் எல்லாம் இருக்கின்றன. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று இன்றும் வாயால் சொல்கிறோம். குறிகளோ எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் மட்டும் கிடந்தன.

வீட்டுக்கு வந்து வேலிக் குறியை என் கைபேசியில் தேடி எடுத்தேன். வெற்றுக் கட்டம்தான் தெரிந்தது. மகனைக் கேட்டேன். இடம் ஒதுக்கியாகிவிட்டது, இந்தக் கைபேசியின் எழுத்துருவில் அதை யாரும் வரைந்து சேர்க்கவில்லை என்றான். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று பாமணியாறு ஐயா சொன்னது எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் விளங்கியது.

இப்போது என் கேள்வி. பாட்டனார் காலத்துப் பத்திரம் ஒன்றில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு குறி வருகிறது. பட்டியலில் அதைக் காணோம். யாருக்கு எழுத வேண்டும்?

அரசலாறு, கும்பகோணம்:
இந்தக் கேள்வி வருவதற்காகத்தான் பேசினேன். கோரையாறு ஐயா இதைப் படிக்க வேண்டும்.

பாமணியாறு, மன்னார்குடி:
வாய்க்கால் உவமை பற்றிய என் கருத்து மாறவில்லை. முடிகொண்டான் ஐயாவுக்கு மட்டும் பதில்.

யூனிகோடுக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சான்று கேட்பார்கள். ஒரே பத்திரத்தில் மட்டும் இருந்தால் அது எழுதியவரின் தனிப்பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். வேறு ஊர், வேறு கையெழுத்து, அதே குறி, அதே பொருள் என்று காட்ட வேண்டும். முதலில் அது பட்டியலில் உள்ள ஒரு குறியின் வேறு வடிவமா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பெயர், சர்வே எண் தெரியாமல் மறைத்துவிடுங்கள். உடன் வந்திருந்த மற்ற எழுத்தரிடமும் பழைய கட்டுகள் இருக்குமே, கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.