பி.எட். இங்கிலீஷ் மேஜர்: போனை நோண்டியே இங்கிலீஷ் தேறுமா?

உசிலம்பட்டி_பஸ்
வணக்கம். பி.எட். இரண்டாம் வருடம், இங்கிலீஷ் மேஜர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது டீச்சிங் பிராக்டிஸ் நடக்கிறது. போன வாரம் எட்டாம் வகுப்பில் 'வெஜிடேபிள்' என்று, கடைசியில் மேசை டேபிளை ஒட்டவைத்த மாதிரி சொல்லிவிட்டேன். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், யூடியூப்ல வெஜ்டபிள்னுல்ல சொல்றாங்க" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த கைடு டீச்சர் நோட்டில் ஏதோ எழுதினார். பீரியட் முடிவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

தினமும் மதுரை ஆரப்பாளையத்துக்குப் போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் போகிறது, அதில் முழுக்க இங்கிலீஷ் ரீல்ஸ்தான். 'வெரி டயர்டு சொல்லாதீங்க, எக்ஸாஸ்டட் சொல்லுங்க' வகையறா இருநூறாவது சேவ் பண்ணி வைத்திருப்பேன், ஆனால் வாயைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று ஒரு விதி. ஒரு நாள் 'டிஸ்கஸ் அபவுட்' என்று போட்டதற்கு நாலு பேர் சிரிப்பு ஸ்மைலி போட்டார்கள், என்ன தப்பு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து குட் மார்னிங்கோடு சரி. இந்தப் போனால் நிஜமாகவே ஏதாவது பிரயோஜனம் உண்டா?

மேலூர்_மிஸ்
தங்கச்சி, முதலில் அந்த ஸ்மைலிக் கணக்கை முடித்துவிடுவோம். நாம் தமிழில் ஒன்றை'ப் பற்றி' விவாதிக்கிறோம், அந்தப் 'பற்றி'யைத் தூக்கிக்கொண்டு போய் 'அபவுட்' என்று வைத்துவிடுகிறோம். 'டாக்' என்றால் அபவுட் வேண்டும், 'டிஸ்கஸ்' என்றால் வேண்டாம். அவ்வளவுதான். சிரித்த நாலு பேரில் மூன்று பேருக்கு இது தெரிந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

நான் பி.எட். படித்தபோது செய்ததைச் சொல்கிறேன். பெரிய குரூப்பை விட்டுவிட்டு நாலே பேர் தனியாக ஒரு குரூப் வைத்தோம். ராத்திரி ஒவ்வொருத்தரும் மறுநாள் பாடத்தின் ஆரம்பத்தை, பிள்ளைகளிடம் சொல்வது மாதிரியே, இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜாகப் போட வேண்டும். எழுதி வைத்துப் படிக்கக்கூடாது (படித்தால் குரலிலேயே தெரிந்துவிடும்). மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு தப்பு மட்டும் சொல்லலாம், அதுவும் வாய்ஸில்தான், ஸ்மைலி கிடையாது. என் முதல் மெசேஜை நானே போட்டுக் கேட்டபோது இரண்டு நிமிடத்தில் பதினோரு 'ஓகே?' இருந்தது. எந்த ரீல்ஸும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. இப்போதும் வகுப்பில் ஓகே வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போகும்.

நத்தம்ரோடு
ரீல்ஸ்காரர்களை ரொம்ப நம்ப வேண்டாம். 'பிரீபோன்' ('போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ப்பதம்) என்று ஒரு சொல்லே இல்லை என்று ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய இங்கிலீஷ் என்ற குறிப்போடு அது இருக்கிறது.

உச்சரிப்புக்கு யூகிளிஷ் என்ற தளத்தைப் பாருங்கள். ஒரு சொல்லைப் போட்டால் யூடியூப் வீடியோக்களில் அந்தச் சொல் வரும் இடத்தை மட்டும் எடுத்துக் காட்டும், ஒன்று முடிந்தால் அடுத்தது. 'போட்டோகிராஃப்' முதல் அசையில் அழுந்தும், 'போட்டோகிராஃபர்' என்றதும் அழுத்தம் இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். இருபது வாய் கேட்டால் காது பிடித்துக்கொள்ளும். கேட்டுப் பழக பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் நல்லது, பேசுவதன் எழுத்து வடிவமும் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும்.

அப்புறம் கீபோர்டில் இருக்கும் மைக். மொழியை இங்கிலீஷுக்கு மாற்றி ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். முழு வாக்கியம் சொன்னால் அது முன்பின் பார்த்து ஊகித்துத் தப்பை மூடிவிடும். நான் கரடி என்ற அர்த்தத்தில் 'பேர்' சொன்னேன், போன் பேரிக்காய் 'பேர்' என்று எழுதியது. இரண்டுக்கும் தமிழில் 'ப' ஒன்றுதானே, நாக்குக்கு வித்தியாசமே தெரியவில்லை.

சாக்பீஸ்_தூசி
போனைத் தூக்கிப் போட்டுவிட்டு இங்கிலீஷ் பேப்பரைத் தினமும் ஒரு பத்தி சத்தமாகப் படி. நாங்களெல்லாம் அப்படித்தான்.

வைகைக்கரை
@சாக்பீஸ்_தூசி, படிக்கலாம் சார், தப்பாகப் படித்தால் பேப்பர் திருத்துமா?

நான் தமிழ் மேஜர். எங்களுக்குப் பிரச்சினையே இருக்காது என்று நினைப்பீர்கள். ஒரு கவிதையை வாசித்து ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டேன், யாரோ முகம் தெரியாத பெரியவர் வந்து 'பளம், வாளை என்கிறீர்கள், ழகரம் எங்கே அம்மா?' என்று கேட்டார். மதுரையில் பிறந்து வளர்ந்து இருபத்திரண்டு வருடமாக ஒருத்தரும் சொன்னதில்லை, ஏனென்றால் அவர்களும் பளம்தான். 'வாழ்த்துக்கள்' என்று எழுதிவிட்டு, க் வருமா வராதா என்று கமெண்டில் நடந்த சண்டையில் நான் கற்ற புணர்ச்சி விதி, வகுப்பு நோட்டில் எழுதியதைவிட மனசில் நிற்கிறது. வலிக்கும், ஆனால் போடுங்கள்.

உசிலம்பட்டி_பஸ்
எல்லோருக்கும் நன்றி. செக்கானூரணியில் ஏறும் கிளாஸ்மேட்டையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து குரூப் ஆரம்பித்துவிட்டேன், இன்று ராத்திரி முதல் வாய்ஸ். அந்தக் கரடியை இன்று காலை பஸ்ஸிலேயே சோதித்துப் பார்த்தேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் பேரிக்காய். பக்கத்து சீட்டுப் பாட்டி, "எம் பேராத்தா கேக்குற?" என்று திரும்பி, தன் பேர், ஊர், பேத்தி படிக்கும் ஸ்கூல் வரை எல்லாம் சொன்னார். அத்தனையையும் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு போன் என்னென்னவோ எழுதித் தள்ளியது. அதை அழித்துவிட்டு நாலாவது தடவை சொன்னேன், கரடி வந்தது.