தேன்குழல், மனகோலத்துக்கு ஆட்டோமேட்டிக் பேக்கிங் மெஷின் ஒத்துவருமா?

கோட்டையூர்_பலகாரம் கேட்டது:

காரைக்குடிப் பக்கம் பலகார யூனிட். ஒரு நாள் உற்பத்தி 400 கிலோ. வெல்லப் பாகில் புரட்டிய மனகோலமும் சீப்புச் சீடையும் சேர்ந்து 300, தேன்குழலும் கை முறுக்கும் 80, அதிரசம் 20. எல்லாம் 250 கிராம் பாக்கெட். நாலு பெண்கள் தராசில் நிறுத்து, சாதா பிபி (பாலிப்ராப்பிலீன்) கவரில் போட்டு ஹேண்ட் சீலரில் ஒட்டுகிறார்கள். பத்துத் தலை மல்டிஹெட் வெயரோடு (பல தலைகளில் பிரித்து நிறுக்கும் தராசு) வெர்டிகல் பவுச் மெஷின் (ரோல் ஃபிலிமைச் சுற்றிப் பையாக்கி, மேலிருந்து நிரப்பி ஒட்டுவது) வாங்கச் சொல்கிறார்கள், நிமிஷத்துக்கு 40 பாக்கெட் என்கிறார்கள். மூன்று சந்தேகம்: தேன்குழல் உடையுமா? பன்னிரண்டாம் நாளே எண்ணெய்ச் சிக்கு வாடை வருகிறது, மெஷின் வந்தால் அது போகுமா? ஒட்டின இடத்தில் காற்று கசிகிறது, ஏன்?

காலர்_ட்யூப்:

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 40 பாக்கெட் × 250 கிராம் என்றால் நிமிஷத்துக்கு 10 கிலோ, மணிக்கு 600 கிலோ. உங்கள் முழு நாள் சரக்கும் 40 நிமிஷத்தில் காலி. மீதி நேரம் மெஷின் சும்மா கிடக்கும். கையால் ஒருவர் நிமிஷத்துக்கு இரண்டு பாக்கெட் முடிப்பதாக வைத்தாலும், நாலு பேருக்கு மணிக்கு 480. உங்களுடைய 1,600 பாக்கெட் மூன்றரை மணிக்குள் முடிந்துவிடும். உங்கள் தடங்கல் பேக்கிங்கில் இல்லை, அடுப்பிலும் ஆற வைக்கும் இடத்திலும்தான்.

தேன்குழல் விஷயம் அளவிலேயே தெரிந்துவிடும். 160 மி.மீ. அகலப் பவுச்சுக்கு ஃபிலிம் சுற்றி இறங்கும் ஃபார்மிங் ட்யூபின் சுற்றளவு 320 மி.மீ., அப்படியென்றால் விட்டம் 102 மி.மீ. உள்பக்கம் இன்னும் கொஞ்சம் குறையும். துண்டின் நீளம் ட்யூப் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டு துண்டு குறுக்கே மாட்டிப் பாலம் கட்டிவிடும். பத்து செ.மீ. கை முறுக்கு அதில் இறங்கவே இறங்காது. அதோடு, எடைத் தலையிலிருந்து பவுச் அடி வரைக்கும் ஐந்தாறு அடி விழுகிறது. முழுத் தேன்குழலாகப் போட்டால் கீழே தூளாகத்தான் சேரும்.

அதனால் பிரித்துப் பாருங்கள். சீப்புச் சீடை, பாகு நன்றாக இறுகின மனகோலம், இரண்டும் வெர்டிகலுக்குப் போகலாம். பாகு பிசுபிசுவென்று இருந்தால் எடைத் தலையின் பக்கெட்டில் ஒட்டி விழாமல் நிற்கும், எடை தப்பும். புள்ளி எழுப்பிய தகட்டில் செய்த பக்கெட் கேளுங்கள், வழவழத் தகடு வேண்டாம். முறுக்கும் தேன்குழலும் ட்ரேயில் அடுக்கி ஃப்ளோ ராப் மெஷினில்தான் (படுக்கைவாக்கில் ஃபிலிம் சுற்றி ஒட்டுவது) போக வேண்டும். அதிரசத்துக்குக் கைதான்.

இன்னொன்று: பவுச் நீளத்தை டச் ஸ்கிரீனில் மாற்றிக்கொள்ளலாம், அகலத்தை மாற்ற முடியாது. அகலம் மாறினால் காலரும் (ஃபிலிமை ட்யூபைச் சுற்றி மடக்கும் பாகம்) ட்யூபும் புதிதாக வாங்க வேண்டும். 100 கிராம் பாக்கெட்டும் போடுவதாக இருந்தால் இதை முதலிலேயே விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

ரோல்_ஃபிலிம்:

சிக்கு வாடைக்கு மெஷினும் மருந்தில்லை, கையும் காரணமில்லை. பிபி கவர்தான். அது ஈரத்தை ஓரளவு தடுக்கும், ஆக்சிஜனையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிடும், எண்ணெய் சிக்கு அடிப்பது அதனால்தான். ஆக்சிஜனை விரட்ட அதில் நைட்ரஜன் அடித்தாலும் சில நாளில் வெளியே போய்விடும். 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர்), 12 மைக்ரான் மெட்டலைஸ்டு (உலோகம் பூசிய) பெட், உள்ளே 50 மைக்ரான் பிஇ (பாலிஎத்திலீன்) என்று மூன்றடுக்கு லேமினேட் எடுங்கள்.

நைட்ரஜனை ஊதி, ஒட்டின பிறகு உள்ளே ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். வெளிக்காற்றில் 21 சதவீதம். ஒரு பாக்கெட்டில் சுமார் ஒரு லிட்டர் காலியிடம், அதை விரட்ட மூன்று லிட்டர் வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் 7,000 லிட்டர் இருக்கும். ஆக ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 2,300 பாக்கெட். உங்களுக்கு ஒன்றரை நாள்.

அதற்கு முன்னாடி மனகோலத்தில் போடும் தேங்காய்ச் சில்லைப் பாருங்கள். ஈரம் போகும்வரை வறுபடாவிட்டால் வாடை முதலில் அங்கிருந்துதான் கிளம்பும், எந்த ஃபிலிமாலும் தடுக்க முடியாது. பலகாரம் எண்ணெய் வடிந்து, அறைச் சூட்டுக்கு ஆறின பிறகே பாக்கெட்டுக்குள் போக வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து நமுத்துவிடும்.

கசிவுக்கு: பத்தில் எட்டு தடவை ஒட்டும் வாயில் எண்ணெயோ தூளோ மாட்டியிருக்கும். எவர்சில்வர் புனல் ஒன்றை, அடிக்கழுத்து பவுச் வாய்க்குள் 5, 6 செ.மீ. இறங்குகிற மாதிரி செய்துகொண்டு அதன் வழியாகக் கொட்டுங்கள். வாய் சுத்தமாக இருக்கும். கொட்டும் முன் ஓட்டைத் தட்டில் ஒரு தரம் சலித்துத் தூளை இறக்குங்கள். ஒட்டினதை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் குமிழி எந்த மூலையிலிருந்து வருகிறதென்று தெரியும்.

வெர்டிகல் மெஷினில் குமிழி பெரும்பாலும் நடுவில் வரும். முதுகுச் சீலும் குறுக்குச் சீலும் சந்திக்கும் இடத்தில் நாலு அடுக்கு, பக்கத்தில் இரண்டே அடுக்கு. அந்தப் படிக்கட்டில் ஒரு நூல் இடைவெளி நின்றுவிடும். ஆள்கள் உடனே சூட்டை ஏற்றுவார்கள், ஃபிலிம் சுருங்கி இன்னும் மோசமாகும். சூட்டைத் தொடாமல் ஜா (பிடித்து ஒட்டும் தாடை) அழுத்தத்தையும் பிடித்து நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

ஐ_மார்க்:

காலர்_ட்யூப் சொன்ன கணக்கு சரி, ஆனால் தீபாவளியையும் கல்யாணச் சீர் ஆர்டரையும் விட்டுவிட்டார். அந்த மூன்று வாரம் உற்பத்தி இரட்டிப்பானால் நாலு பேரும் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் பேக்கிங்கிலேயே உட்கார வேண்டும். அதற்காக மல்டிஹெட் வேண்டுமா என்றால் வேண்டாம். இரண்டு தலை லீனியர் வெயர் (நிறுத்துப் போடும் சின்ன மெஷின்) போதும், நிமிஷத்துக்கு 12 பாக்கெட். மணிக்கு 180 கிலோ, உங்கள் சீடை, மனகோலம் 300 கிலோவும் ஒன்றே முக்கால் மணியில் முடியும். வாயை, நைட்ரஜன் ஊதும் வசதியுள்ள பேண்ட் சீலரில் (ஓடும் பட்டைக்கு நடுவே வாயை ஒட்டுவது) ஒட்டலாம். இரண்டு பேர் போதும், மற்ற இரண்டு பேரை ட்ரே அடுக்கவும் எடை சோதிக்கவும் வையுங்கள்.

கப் ஃபில்லரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அது கன அளவில் போடுவது, பருப்புக்குச் சரி. சீப்புச் சீடை ஒவ்வொரு ஈட்டுக்கும் உப்பலில் மாறும், எடையும் மாறும். சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இன்படி 250 கிராம் பாக்கெட்டுக்கு 9 கிராம் வரைதான் குறையலாம், அதுவும் சராசரி 250-க்குக் கீழே போகக் கூடாது.

வெர்டிகல் மெஷினே வாங்கினால் மழைக்காலத்தை நினைத்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மெஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரின் டேங்கில் தண்ணீர் கட்டும். காற்றை உலர்த்தும் டிரையர் இல்லாவிட்டால் அது ஜாவைத் தள்ளும் காற்று சிலிண்டருக்குள் போய் ஜா பாதியில் நிற்கும். காலையும் மாலையும் வடிகாலைத் திறந்துவிடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் சர்வோ டிரைவ் (மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோல்) டிரிப் ஆகும், ஸ்டெபிலைசர் கண்டிப்பாக வேண்டும்.

கோட்டையூர்_பலகாரம்:

லீனியர் வெயரும் பேண்ட் சீலரும் விலை கேட்கிறேன். டெமோவுக்கு எதைக் கொண்டுபோவது?

காலர்_ட்யூப்:

உங்கள் சொந்தச் சரக்கு, அன்றைக்குச் சுட்டது, இருபது கிலோ. அவர்கள் வைத்திருக்கும் கடலையை ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நூறு பாக்கெட் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் உங்கள் தராசில் நிறுத்து எழுதுங்கள். பிறகு பத்தைப் பிரித்து உடைந்ததைத் தனியே நிறுத்துப் பாருங்கள். மனகோலமானால் ஐம்பதாவது பாக்கெட்டுக்குப் பிறகு பக்கெட் ஓரத்தை விரலால் தடவுங்கள், பாகு படிந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவ எவ்வளவு நேரம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.