அப்பாவின் உயில் கிடைக்கவில்லை – எங்கே தேடுவது, புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வேண்டுமா?

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். சொத்து மதுரையில் ஒரு வீடு. உயில் எழுதிப் பதிவு செய்ததாகச் சொல்லியிருந்தார். ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தால் எதுவும் வரவில்லை.

பதில் 1: ஈசியில் வராதுங்க. வில்லங்கம், பதிவு அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்திலிருந்து எடுப்பது. உயில் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதன் நகலை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் தருவார்கள். இப்போது இறப்புச் சான்றோடு யார் மனுப் போட்டாலும் கிடைக்கும். வீடு இருக்கும் எல்லையில்தான் உயிலைப் பதிய வேண்டும் என்றில்லை. அவர் வேலை பார்த்த ஊர், சொந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் தேடச் சொல்லுங்கள். சீல் வைத்த உறையில் ஒப்படைத்திருந்தால் அது மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2: பீரோ, பேங்க் லாக்கர், ஆவணம் எழுதியவர், வக்கீல் எல்லோரிடமும் மூல உயிலைத் தேடுங்கள் சார். மூலம் அப்பாவிடமே இருந்து காணாமல் போயிருந்தால், அவரே கிழித்து ரத்து செய்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

பதில் 3: மதுரையில் எழுதிய இந்து உயில், சொத்தும் அங்கேதான் என்றால் புரொபேட் கட்டாயமில்லை. ஆனால் வழக்கு வந்தால், பதிவான உயிலையும் நிரூபித்தாக வேண்டும். கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் உயிரோடிருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். அவர்களுடைய முகவரியை இப்போதே வாங்கி வையுங்கள். புரொபேட் வாங்குவதென்றாலும் உயிலில் நிறைவேற்றுநர் (உயிலில் சொன்னபடி செய்து முடிக்க நியமிக்கப்பட்டவர்) பெயர் இருந்தால்தான் முடியும். இல்லையென்றால் உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம் (உயில்படி சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) கேட்டு மனுப் போட வேண்டும்.