லெகோ பிளாக், பழைய கேம்: பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட மென்பொருளோடு நம் அனுபவங்கள்

லெகோ வாங்கிக் கட்டுகிறவர்கள் நிறையப் பேசியாயிற்று. வாங்காமலேயே கட்டுகிற என் கதையையும் கேளுங்கள். நம் ஊரில் பெரிய செட்டின் விலையைப் பார்த்தால் பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை, கணினித் திரையிலேயே லெகோ மாடல் கட்ட உதவும் எல்டிரா பக்கம் போய்விட்டேன்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடுவதற்காக எழுதிய இலவச மென்பொருள் அது. 1997 ஜூலையில், இருபதுகளிலேயே, ஃபுளூ காய்ச்சலில் அவர் இறந்துபோனார். அவர் எழுதிய புரோகிராமை இன்று யாரும் அவ்வளவாக ஓட்டுவதில்லை. ஆனால் அவர் வகுத்த கோப்பு வடிவம் அப்படியே புழக்கத்தில் இருக்கிறது. பின்னால் வந்த எம்எல்கேட், லியோகேட், எல்டிவியூ ஆகிய மென்பொருள்கள் எல்லாமே அதைத்தான் படிக்கின்றன. லெகோ நிறுவனமே வெளியிட்ட டிஜிட்டல் டிசைனர் என்ற மென்பொருள் 2022-இல் மூட்டை கட்டப்பட்டது. அதற்குப் பதிலாக அவர்களே கைகாட்டிய ஸ்டூடியோவும் எல்டிரா பாகங்களை நம்பித்தான் ஓடுகிறது. எனக்கு இதில் ஒரு சின்ன குரூர சந்தோஷம் உண்டு.

அந்தக் கோப்பு வடிவம் இவ்வளவு காலம் நீடிப்பதற்குக் காரணம் எளிது. எல்டிரா கோப்பை நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு பிளாக்குக்கு ஒரு வரி. முதல் எண் 1 என்றால் ‘இங்கே ஒரு பாகத்தை வை’ என்று பொருள். அடுத்தது நிறம்: 4 சிவப்பு, 14 மஞ்சள். அதன்பின் மூன்று எண்கள் இடத்தைச் சொல்லும், ஒன்பது எண்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று சொல்லும், கடைசியில் பாகத்தின் பெயர். இரண்டுக்கு நாலு பிளாக்கின் பெயர் 3001. அளவுக்கு எல்டியு என்று ஓர் அலகு, 0.4 மில்லிமீட்டர். பிளாக்கின் தலையில் இருக்கும் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 20, பிளாக்கின் உயரம் 24, தட்டையான பிளேட்டின் உயரம் 8. உயரே போகப் போக எண் குறையும், கீழே வந்தால் கூடும். புதிதாக வருகிறவர்களைத் தலைகீழாக நிற்கவைப்பது இந்த ஒன்றுதான்.

நான் கட்டியது பழைய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி. 1914-இல் திறந்த பாலம், கப்பல் வந்தபோதெல்லாம் இரண்டு இறக்கைகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டன. ஷெர்சர் வகை என்பதால் அது கதவு மாதிரி கீலில் திரும்பவில்லை. அடியில் வளைந்த பாகம் தண்டவாளத்தில் பின்னால் உருண்டுகொண்டே எழும்பியது. பிளாக்கில் இந்த உருளலைக் கொண்டுவருவது பெரும்பாடு. நோட்பேடில் ஒரே வரி.

இறக்கை முழுவதையும் தனித் துணை மாடலாக, அதே கோப்புக்குள் வைத்துவிட்டேன். உருளும் வட்டத்தின் மையம்தான் அதன் தொடக்கப் புள்ளி. வட்டத்தின் ஆரம் 200 எல்டியு, அதாவது பத்துக் குமிழ். 30 டிகிரி திறக்க வேண்டும் என்றால் மையம் 200 பெருக்கல் 0.5236 (30 டிகிரியை ரேடியனில் சொன்னால் இந்த எண்), சுமார் 105 பின்னால் போக வேண்டும். ஆக இடது இறக்கைக்கு வரி இப்படி:

1 16 -105 0 0 0.866 0.5 0 -0.5 0.866 0 0 0 1

இதன் பின்னால் துணை மாடலின் பெயர். 16 என்றால் ‘உள்ளே இருக்கிற நிறமே இருக்கட்டும்’ என்று பொருள். 0.866-உம் 0.5-உம் 30 டிகிரியின் காஸும் சைனும். அவ்வளவுதான், நூற்றுக்கணக்கான பிளாக் ஒரே நேரத்தில் எழும்பி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் சைன், காஸ் எதற்கு என்று கேட்ட என் அக்கா மகனிடம் இதைத்தான் காட்டினேன். பாலம் ஏறி இறங்குவதை மட்டும் ரசித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

* * *

சூப்பர் சார். நான் பிளாக் கட்டுற ஆள் இல்ல, கேம் பக்கம். ஆனா லெகோ இதுலயும் வருது.

சிங்கப்பூர்ல இருந்த சித்தப்பா ஒருதடவை ஊருக்கு வந்தப்ப லெகோ ஐலேண்ட் சிடி கொண்டுவந்தார். 1997-ல மைண்ட்ஸ்கேப் வெளியிட்ட கேம். பெப்பர்னு ஒரு பையன் பீட்சா கொண்டுபோய்க் குடுப்பான், ஜெயிலுக்கே குடுக்கப்போய் பிரிக்ஸ்டர்ங்கிற திருடன் தப்பிச்சிடுவான். வீட்ல எல்லாருக்கும் அந்தத் திருடனைத்தான் பிடிக்கும்.

ரொம்ப வருஷம் கழிச்சு அதையே புது லேப்டாப்ல போட்டேன். ஓடுச்சு. ஆனா திரும்புற பட்டனைத் தொட்டதும் ஆள் பம்பரமா சுத்துறான், எதிர்ல இருக்கிற கதவுக்குள்ள நுழைய முடியல. கிராபிக்ஸ் கார்டு மேல பழி போட்டுட்டு டிரைவரை எல்லாம் மாத்திப் பார்த்தேன். விஷயம் அது இல்ல. திரும்புற வேகத்தை நேரத்தை வச்சுக் கணக்குப் போடாம, செகண்டுக்குத் திரையில எத்தனை படம் (பிரேம்) வருதோ அதோட கட்டிவச்சிருக்காங்க. 97-ல இருந்த மெஷின் மெதுவா வரைஞ்சதால யாருக்கும் தெரியல. இப்ப இருக்கிற மெஷின் சொல்லிக் கேக்குமா?

இதைக் கண்டுபிடிச்சுச் சரிபண்ணது கம்பெனி இல்ல, ரசிகர்கள்தான். ரீபில்டர்னு ஒரு சின்ன புரோகிராம் குடுத்தாங்க. அதோட விடல, மொத்த கேமையும் டீகம்பைல் பண்ண, அதாவது மெஷின் கோடைப் பாத்து மூல கோடைத் திரும்ப எழுத உக்காந்தாங்க. ஒவ்வொரு ஃபங்ஷனையும் சி பிளஸ் பிளஸ்ல மறுபடி எழுதி, அந்தக் காலத்து மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 4.2 கம்பைலர்லயே (எழுதின கோடை மெஷின் கோடா மாத்துற புரோகிராம்) ஓட்டி, வர்ற மெஷின் கோடு அசலோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். நானும் ஒரு சின்ன ஃபங்ஷனை எடுத்துப் பாத்தேன். ரெண்டு வரியை மேல கீழ மாத்தினா போதும், கம்பைலர் சிப்புக்குள்ள வேற ரிஜிஸ்டரை (எண்ணை வச்சுக்கிற சின்ன இடம்) எடுத்துக்குது, கணக்கு சரியா இருந்தாலும் ‘பொருந்தல’ன்னுதான் வரும். இந்தப் பொறுமை நமக்கு ஆகாதுன்னு எழுந்துட்டேன். அவங்க முடிச்சுட்டாங்க. அதை வச்சு இப்ப லினக்ஸ்லயும் மேக்லயும் பிரவுசர்லயும் கூட ஓடுது.

ஒண்ணு மறந்துடாதீங்க: ரசிகர்கள் எழுதினது கோடு மட்டும்தான். படம், பாட்டு, குரல் எல்லாம் அசல் சிடில இருக்கு. வீட்ல பழைய சிடி இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.

* * *

எல்டிரா பாகங்களைச் சரிபார்க்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால் நானும் ஒரு பங்கு சேர்க்கிறேன். ஒவ்வொரு பாகத்தையும் யாரோ ஒருவர் நிஜ பிளாக்கைக் காலிப்பர் வைத்து அளந்து, முக்கோணமும் நாற்கரமுமாக எழுதி அனுப்புகிறார். மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நூலகத்தில் சேரும். நாற்கரத்தின் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் இல்லையா, திருப்பி அனுப்பு. முனைகளை எழுதிய சுற்று வரிசை தவறா, அந்த முகம் திரையில் காணாமல் போகும், திருப்பி அனுப்பு. ‘இதற்கெல்லாமா?’ என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாகத்தை நாளை யார் எந்த மாடலில் வைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கறார் நியாயம் என்றே இப்போதும் சொல்வேன்.

பாலம் கட்டியவருக்கு ஒரு கேள்வி. எல்டிரா கோப்பில் எடையும் கிடையாது, பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் அது தடுக்காது. நிஜ பிளாக்கில் கட்டினால் உங்கள் இறக்கை தானாக நிற்குமா?

* * *

நிற்காது என்றுதான் நினைக்கிறேன். அசல் பாலத்தில் பின்பக்கம் எதிர் எடை வைத்துத்தான் இறக்கையைச் சமன் செய்தார்கள், ஆட்கள் கையால் நெம்பியே தூக்க முடிந்ததும் அதனால்தான். என் மாடலில் அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிற பிளாக் இருக்கிறது. உள்ளே கூடு விட்டு, மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு போடலாமா என்று யோசனை. ஆறு குமிழ் நீளம், நான்கு குமிழ் அகலம் வரை இடம் ஒதுக்க முடியும். அதற்குள் அடங்குகிற குண்டு எந்த அளவில் கிடைக்கும் என்று ராமேசுவரம், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்.