மறு: நெமவாஷி – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஒரு திட்டத்தைக் கூட்டத்தில் வைப்பதற்கு முன்பே, சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகப் பேசிப் பக்குவப்படுத்துவதற்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் நெமவாஷி. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "ஆதரவு திரட்டல்" போதுமே?

போதாது என்பது என் கட்சி. அதைக் கேட்டதும் தேர்தல் வாசம் அடிக்கிறது. "ஒப்புதல் பெறுதல்" கையெழுத்தோடு முடிகிற வேலை. ஜப்பான்காரர்கள் அதற்கு ரிங்கி என்று வேறு சொல்லே வைத்திருக்கிறார்கள். கோப்பு மேசை மேசையாகச் சுற்றி முத்திரை வாங்கி வரும். நெமவாஷி அதற்கு முந்தியது. நெ என்றால் வேர், மவாஷி என்றால் சுற்றுவது. பெரிய மரத்தை இடம் மாற்றப் பல மாதம் முன்பே சுற்றிலும் தோண்டி, தடித்த வேர்களை வெட்டிவிடுவார்கள். தூருக்குப் பக்கத்தில் புதிதாகச் சல்லிவேர் விட்ட பிறகுதான் பெயர்ப்பது.

திருவொற்றியூரில் ஒரு பிரஸ்ஷாப்பில் (தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் பட்டறை) இருந்தபோது இது தெரியாமல் பட்டேன். பிரஸ்ஸில் டை (உருவம் கொடுக்கும் அச்சு) மாற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். மெஷினை நிறுத்திய பிறகுதான் டை பொருத்தும் செட்டர் ஸ்பேனர் தேடப் போவார். கிரேன் ஷாப்பின் அடுத்த பகுதியில் தொங்கிக்கொண்டிருக்கும். டை மாற்றும் நேரத்தைக் குறைக்க வழி சொன்ன ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ சொன்னதுபோல, மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை முன்னாலேயே முடித்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். கணக்குப் போட்டு, திங்கட்கிழமை மீட்டிங்கில் நேராக எடுத்து வைத்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாசக் கடைசியில மெஷினை நிறுத்தச் சொல்றியா?" அவ்வளவுதான். பத்துப் பேர் முன்னால் அவர் துறையின் ஓட்டையைப் படம் போட்டுக் காட்டினால் வேறென்ன சொல்வார்!

அடுத்த முறை முதலில் செட்டர் அண்ணனிடம் பேசினேன். அப்புறம் மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ். புது டிராலி வேண்டாம், இருக்கிறதே போதும் என்று செட்டர் சொன்னார். அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். தடித்த வேர் போனது அங்கேதான். கடைசியில் மேனேஜரை டீக்கடையில் பிடித்தேன், கன்டெய்னர் லாரி இரைச்சலில் பாதி கத்திக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு பிரஸ்ல பாரு" என்றார்.

> வேர்ப்பதம்?

அழகுதான். ஆனால் பதம் என்றால் சொல் என்றும் பொருள்; இலக்கணம் படித்தவர் வேர்ச்சொல் என்று எடுத்துக்கொள்வார். எங்கள் ஷாப்பில் "காதில் போட்டு வை" என்போம். கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஒருவழிப் பேச்சு. கேட்டவர் சொல்லி நம் திட்டம் மாறுவது அதில் வராது.

என் பரிந்துரை: முன்பக்குவம். "பக்குவமா எடுத்துச் சொல்லு" என்று வீட்டிலேயே சொல்கிறோம். திட்டமும் பக்குவப்படும், கேட்கிற ஆளும் பக்குவப்படுவார். "முன்பக்குவம் செய்யாமல் கூட்டத்துக்குக் கொண்டுவராதே" என்று வாக்கியத்திலும் உட்காருகிறது.

---

(இன்னொரு உறுப்பினரின் மறுமொழி) ஐயா, முன்பக்குவம் எனக்குச் சரி. முற்பகல் மாதிரி "முற்பக்குவம்" ஆக்க யாராவது வருவார்கள். முன்பனி இருக்கிறதே, அந்த வழியிலேயே விட்டுவிடலாம். ரிங்கிக்கு "சுற்றொப்பம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். தனி இழையில் போடுகிறேன்.